ஜிபிஎஸ் கருவியும் கடிகாரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வழிகாட்டிக் கருவிகள் காட்டும் நேரத்தைப் பற்றிக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (பட்டர்வொர்த்): குடும்பத்துடன் காரில் ஹாட்யாய் சென்றோம். புக்கிட் காயு ஹீத்தாம் சோதனைச் சாவடியைக் கடந்ததும் காரின் வழிகாட்டிக் கருவி ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. என் மனைவியின் கைப்பேசியோ சற்று நேரம் கழித்துத்தான் மாறியது. நேர மண்டலத்தைச் செயற்கைக்கோள்தான் சொல்கிறதா?

பதில்: செயற்கைக்கோளுக்கு மலேசியாவும் தெரியாது, தாய்லாந்தும் தெரியாது. 1980 ஜனவரி 6ஆம் தேதி தொடங்கிய ஒரே கணக்கின்படி, இது எத்தனையாவது வாரம், அந்த வாரத்தில் எத்தனையாவது விநாடி என்பதை மட்டுமே அது உலகம் முழுமைக்கும் ஒன்றுபோல ஒலிபரப்புகிறது. உங்கள் கருவி அதிலிருந்து முதலில் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தைக் கணக்கிடுகிறது. பிறகு தான் இருக்கும் இடத்தைக் கண்டறிந்து, அந்த இடம் எந்த நேர மண்டலத்தின் எல்லைக்குள் வருகிறது என்று தன் நினைவகத்தில் உள்ள வரைபடத்தைப் பார்த்து, மலேசியா என்றால் 8 மணி நேரத்தையும் தாய்லாந்து என்றால் 7 மணி நேரத்தையும் கூட்டிக்கொள்கிறது. கைப்பேசி பெரும்பாலும் தான் இணைந்திருக்கும் தொலைபேசிக் கோபுரம் சொல்லும் நேரத்தைப் பின்பற்றுகிறது. நம் கோபுரங்களின் அலைகள் எல்லையைத் தாண்டியும் சிறிது தொலைவுக்கு எட்டுவதால், அது தாய்லாந்துக் கோபுரத்தைப் பிடிக்கும் வரை மலேசிய நேரத்தையே காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

எல்லை தாண்டும் பயணத்தில், போய்ச்சேரும் நேரமாகத் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். சில கருவிகள் அதைப் புறப்பட்ட இடத்தின் நேரத்திலும், சில போய்ச்சேரும் இடத்தின் நேரத்திலும் காட்டுகின்றன. இன்னும் எவ்வளவு நேரம் பயணம் செய்ய வேண்டும் என்று காட்டும் எண்ணில் இந்தக் குழப்பம் வராது.

கேள்வி (செந்தூல்): தைப்பூசத்தன்று காலை 6 மணிக்குப் பத்துமலைப் படிகளில் எடுத்த படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தால், ஜிபிஎஸ் நேரம் முதல் நாள் இரவு 10 மணி என்று இருக்கிறது. கருவி பழுதா?

பதில்: பழுது இல்லை. படத்தில் பதியும் ஜிபிஎஸ் தேதியும் நேரமும் யூடிசியில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. 8 மணி நேரத்தைக் கூட்டினால் தைப்பூசக் காலையே வந்துவிடும். நடைப்பயணத் தடங்களைச் சேமிக்கும் கோப்புகளிலும் இதே முறைதான். அந்த எண்ணைக் கையால் திருத்திவிடாதீர்கள். பிறகு வேறொரு மென்பொருள் அதன் மேல் இன்னும் 8 மணி நேரத்தைக் கூட்டும்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): என் பழைய கருவியில் வழியும் மணியும் சரியாக இருக்கின்றன, கிழமையும் சரி, ஆனால் ஆண்டு மட்டும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னால் போய்விட்டது. ஏன்?

பதில்: கிழமையையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே விடை இருக்கிறது. வார எண்ணை அனுப்ப முதலில் ஒதுக்கப்பட்ட இடம் 10 பிட் மட்டுமே. அதில் 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும் என்பதால், 1024 வாரங்களுக்கு ஒருமுறை எண்ணிக்கை மீண்டும் சுழியத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி வந்தது. அடுத்தது 2038 நவம்பரில் வரும். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதைக் கருவியின் மென்பொருள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊகம் தவறினால், தேதி சரியாக 7,168 நாள்கள் பின்னால் போகும். 2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, தைப்பூசம். அன்று இத்தகைய கருவி 2005 ஜூன் 28 என்று காட்டியிருக்கும், அதுவும் செவ்வாய்க்கிழமைதான். முழு வாரங்களாகவே பிழை விழுவதால் கிழமை மாறுவதில்லை.

பல தயாரிப்பாளர்கள் 10 பிட் சுற்றின் தொடக்கத்தைத் தங்கள் மென்பொருள் எழுதப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டிருந்ததால், இந்தத் தடுமாற்றம் 2019 ஏப்ரலில்தான் வர வேண்டும் என்றில்லை, வேறு ஆண்டுகளிலும் வரலாம். புதிய மென்பொருள் கிடைத்தால் ஏற்றிவிடுங்கள். புதிய வகை ஜிபிஎஸ் அலைகளில் வார எண்ணுக்கு 13 பிட் இருப்பதால், அவற்றைப் படிக்கும் கருவிகளுக்கு இந்தக் கவலை நீண்ட காலத்துக்கு இல்லை.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): நீண்ட நாள் அணைத்து வைத்திருந்த கருவியை இயக்கியபோது சில விநாடிகள் தவறாகக் காட்டிவிட்டுப் பிறகு தானே சரியானது. காரணம் என்ன?

பதில்: பூமியின் சுழற்சியோடு கடிகாரம் ஒத்துப்போவதற்காக எப்போதாவது கூட்டப்படும் லீப் விநாடிகளை ஜிபிஎஸ் தன் கணக்கில் சேர்ப்பதில்லை; யூடிசி சேர்க்கிறது. 2017 ஜனவரி 1 முதல் ஜிபிஎஸ் நேரம் 18 விநாடிகள் முந்தி ஓடுகிறது. எத்தனை விநாடி கழிக்க வேண்டும் என்ற குறிப்பு, முழுவதும் ஒலிபரப்பாக 12.5 நிமிடம் எடுக்கும் செய்தியில் ஒரே ஒரு முறை வருகிறது. அது வந்து சேரும் வரை கருவி தன்னிடமுள்ள பழைய எண்ணை வைத்தே ஓட்டும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): 1979இல் பினாங்கில் காலை 6.10க்குப் பிறந்தவன் நான். கைப்பேசியில் உள்ள ஜாதகச் செயலி ஜிபிஎஸ் மூலம் ஊரைச் சரியாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் லக்னம் பெரியவர்கள் எழுதி வைத்த ஓலையோடு பொருந்தவில்லை. எதை நம்புவது?

பதில்: ஓலையை ஒதுக்கிவிடாதீர்கள். ஜிபிஎஸ் கொடுத்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் சரியாக இருக்கலாம். அந்த ஊர் அன்று எந்த நேரத்தில் இருந்தது என்பது தனிக் கேள்வி. இன்று நாம் யூடிசியை விட 8 மணி நேரம் முன்னே இருக்கிறோம். ஆனால் 1981 முடியும் வரை தீபகற்ப மலேசியாவின் நேரம் ஏழரை மணி நேரமே முன்னிருந்தது. சபா, சரவாக்குடன் ஒரே நேரமாக்குவதற்காக, 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணியானபோது கடிகாரங்கள் நேராக 12 மணிக்கு நகர்த்தப்பட்டன. அந்த இரவில் 11.30க்கும் 12க்கும் இடைப்பட்ட அரை மணி நேரம் தீபகற்பக் கடிகாரங்களில் இல்லவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த நேரத்தைப் பிறந்த நேரமாகக் கொடுத்தால் சில செயலிகள் திணறும்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 6.10 என்பது ஏழரை மணிக் கணக்கில் முதல் நாள் இரவு 10.40 யூடிசி. செயலி 8 மணி நேரத்தைக் கழித்தால் 10.10 என்று எடுத்துக்கொள்ளும். அந்த அரை மணி நேரத்தில் பூமி ஏழரைப் பாகை சுழன்றுவிடுகிறது. ஒரு ராசி 30 பாகை என்பதால், சந்தியில், அதாவது இரு ராசிகள் சேரும் இடத்தையொட்டி, பிறந்தவருக்கு லக்னமே மாறிவிட அது போதும். நல்ல செயலிகள் பழைய நேர மாற்றங்களையும் கொண்ட உலக நேர மண்டலத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. அதைக் கண்டறிய எளிய வழி உண்டு: நேர வித்தியாசம் என்று செயலி காட்டும் இடத்தில் உங்கள் பிறந்த தேதிக்கு 7.30 என்று வருகிறதா எனப் பாருங்கள். 8 என்று வந்தால் கையால் மாற்றுங்கள். வீட்டில் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பிறந்த பெரியவர்களின் குறிப்பு இருந்தால் இன்னும் கவனம் தேவை. அப்போது இங்கே தோக்கியோ நேரம், அதாவது யூடிசிக்கு 9 மணி நேரம் முந்திய நேரம், நடைமுறையில் இருந்தது.

பினாங்கின் தீர்க்கரேகைப்படி சூரிய நேரம் யூடிசியை விட சுமார் 6 மணி 41 நிமிடம்தான் முன்னே இருக்கிறது. ஆகவே இன்று அங்கே உச்சிப்பொழுது சராசரியாகப் பிற்பகல் 1.19க்கு வருகிறது. காலை 6 மணியைச் சூரிய உதயமாக வைத்து அச்சிட்ட ராகு கால அட்டவணையை இங்கே அப்படியே பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

கேள்வி (கெப்போங்): நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தில் வழி தொலைந்துபோகிறது, நேரம் மட்டும் ஓடுகிறதே?

பதில்: கருவிக்குள் குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்று இருக்கிறது, அலை கிடைக்காதபோது அதுவே ஓடுகிறது. மணி பார்க்க அது போதும், இடம் பார்க்கப் போதாது: ஒரு மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிசகினாலே தொலைவுக் கணக்கில் 300 மீட்டர் தவறும். அதனால்தான் கருவி மூன்று செயற்கைக்கோள்களோடு நிற்காமல் நான்காவதையும் தேடி, தன் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்தே கணக்கிடுகிறது. வெளியே வந்ததும் சிறிது நேரம் திறந்த வானத்தின் கீழ் வண்டியை நிறுத்தி வைத்தால், இடமும் நேரமும் சேர்ந்தே சரியாகும்.