சுகர், போலியோ, வலிப்பு: ஜிம் ட்ரெய்னர் ஆகலாமா?

எனக்கு 22 வயது. பள்ளியில் படிக்கும்போதே டைப்-1 சர்க்கரை வந்துவிட்டது, தினமும் நான்கு ஊசி. ஜிம்மில் கூடவே நின்று சொல்லித் தரும் ஃபுளோர் ட்ரெய்னர் ஆக ஆசை. "உனக்கே ஊசி, நீ அடுத்தவனுக்கு ஃபிட்னஸ் சொல்லித் தரப் போறியா?" என்று மாமா கேலி செய்கிறார். – வாசகர், மதுரை

மாமாவிடம் வாசிம் அக்ரமைச் சொல்லுங்கள். 1997-இல் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அப்புறமும் ஊசி போட்டுக்கொண்டே 2003 உலகக் கோப்பை வரை வேகப்பந்து வீசினார்.

ஆனால் அந்தக் கதை உங்களுக்குப் பாதிதான் உதவும். பந்து வீசுபவருக்குச் சுகர் இறங்கினால் ஒரு ஓவர் கெடும். படுத்தபடி வெயிட் தூக்கும் பெஞ்ச் பிரஸ் போடுபவரின் தலைமாட்டில், தவறினால் தாங்கிப் பிடிக்க (ஸ்பாட்) நிற்கும் உங்களுக்கு இறங்கினால், பார் அவர் கழுத்தில் விழலாம். ஜிம்மில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. சுகர் லோ ஆகும்போது வரும் வியர்வையை யார் தனியாகக் கவனிக்கப் போகிறார்கள்?

அதனால் ஷிஃப்ட் தொடங்கும் முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை சுகர் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். 70-க்குக் கீழே போனால் கையிலிருக்கும் வேலையைச் சக ட்ரெய்னரிடம் கொடுத்துவிட்டு, 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். சுகர் 250-க்கு மேல் இருந்து, கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) தெரிந்தால் அன்று உடற்பயிற்சி கிடையாது.

இன்னொன்று. கனமான வெயிட் தூக்கினால் சுகர் உடனே ஏறி, ராத்திரித் தூக்கத்தில் இறங்கும் வழக்கம் உண்டு. வேலைக்குச் சேர்ந்ததும் நாள் முழுக்க நடப்பீர்கள், பிளேட் மாற்றுவீர்கள். இப்போது போடும் இன்சுலின் அளவு அப்போது அதிகமாகிவிடலாம். சேரும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

மகளுக்கு ஆஸ்துமா. ஜூம்பா பயிற்சியாளராக வேண்டும் என்கிறாள். விடலாமா? – ஒரு அம்மா, திருச்சி

தாராளமாக. பிலாட்டீஸ் பயிற்சியை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸே சின்ன வயதில் ஆஸ்துமாக்காரர்தான். பத்துப் பதினைந்து நிமிட வார்ம்-அப்பை அவள் ஒரு நாளும் விடக் கூடாது. டாக்டர் சொல்லியிருந்தால் வகுப்புக்குக் கொஞ்ச நேரம் முன்பே இன்ஹேலர் எடுத்துக்கொள்ளட்டும். மூச்சிரைப்புக்கான இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை, முதலில் அதைப் பாருங்கள். காதில் மாட்டும் மைக் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பாட்டுக்கு மேலே கத்துவதுதான் ஆடுவதைவிட மூச்சை வாங்கும்.

இடது காலில் போலியோ, காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்டு நடக்கிறேன். வயது 36. மேல் உடம்பு நல்ல பலம். ஸ்குவாட் செய்து காட்ட முடியாத என்னிடம் யார் பயிற்சிக்கு வருவார்கள்? – வாசகர், சேலம்

உங்கள் ஊர்ப் பக்கத்து மாரியப்பன் தங்கவேலு ரியோ, டோக்கியோ, பாரிஸ் என மூன்று பாராலிம்பிக்கிலும் உயரம் தாண்டிப் பதக்கம் வாங்கினார். யாராவது அவரைக் காட்டி உங்களுக்கு உற்சாகம் ஊட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அதில் இல்லை. அவர் தாண்டுகிறவர், நீங்கள் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்.

சொல்லிக் கொடுப்பதில் முக்கால்வாசி வேலை கண்ணுக்கும் வாய்க்கும்தான். முட்டி உள்ளே மடங்குகிறதா, குதிகால் தூக்குகிறதா, முதுகு வளைகிறதா என்று பார்த்து, அந்த நொடியில் இரண்டு வார்த்தையில் திருத்தத் தெரிய வேண்டும். அழகாக ஸ்குவாட் போட்டுக் காட்டிவிட்டுச் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ட்ரெய்னர்கள் எத்தனை பேர்! செய்து காட்ட ஒரு வீடியோவோ, பழகிய கிளையன்ட் ஒருவரோ போதும்.

சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. முதலாவது, சான்றிதழ். சில பயிற்சி நிலையங்கள் செய்முறைத் தேர்வில் எல்லா அசைவையும் நீங்களே செய்து காட்டச் சொல்லும். பணம் கட்டும் முன், உங்களுக்கு என்ன மாற்று ஏற்பாடு என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். முதலுதவியும் சிபிஆரும் கட்டாயம் கேட்பார்கள். தரையில் முட்டி போட்டு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்த உங்களால் முடிகிறதா என்று இப்போதே பழகிப் பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் உடம்பு. போலியோ வந்து பல ஆண்டுகள் கழித்து, நல்ல தசைகளிலும் புதிதாகப் பலவீனம் வருவதுண்டு. எட்டு மணி நேரம் நின்று, மிச்ச நேரத்தில் நீங்களும் வெறியாக வெயிட் தூக்கினால் தோள்தான் முதலில் போகும். ஃபுளோரில் உங்களுக்கென ஒரு நாற்காலி கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். முடிந்தால் தனி ஆளாகப் பயிற்சி கேட்கும் பி.டி. கிளையன்ட்கள், ஆன்லைன் பயிற்சி என்று போங்கள்.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வருடமாக வரவில்லை. ஜிம் வேலை சரிப்படுமா? – வாசகி, கோவை

சரிப்படும். ஆனால் நம் ஊர் ஜிம் நேரம் உங்களுக்கு எதிரி. காலை 5 மணி பேட்ச், மறுபடி மாலை 4 முதல் ராத்திரி 10 வரை. இரண்டையும் ஒருவரே பார்த்தால் தூக்கம் ஐந்து மணி நேரம்கூடத் தேறாது, தூக்கக் குறைவோ வலிப்பைக் கிளப்பும். காலை அல்லது மாலை, ஒன்றை மட்டும் எடுங்கள். சம்பளம் குறையும், குறையட்டும். தனியாக ஜிம்மைத் திறப்பது, நீச்சல் குளப் பொறுப்பு இரண்டும் வேண்டாம். கனமான வெயிட்டுக்கு ஸ்பாட் கொடுப்பதை வேறொருவர் செய்யட்டும். வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இதைச் சக ஊழியர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு நிற்பார்கள்.

உடல்நிலையைப் பற்றி இன்டர்வியூவிலேயே சொல்ல வேண்டுமா? – வாசகர், சென்னை

அங்கே உங்களால் என்ன முடியும் என்று பேசுங்கள். வேலை உறுதியானதும், முதல் நாளுக்கு முன், மேனேஜரிடமும் கூட வேலை பார்ப்பவர் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள். மாற்றுத்திறன் சான்றிதழ் இருந்தால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். அந்தச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, சர்க்கரை நோய் அதில் இல்லை.

சம்பளத்தைப் பேசும்போது இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டா என்று கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஜிம்மில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை (மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை) இருந்தால் அது கிடைக்கும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் அதில் வைத்தியம் உண்டு. கமிஷன் மட்டும் தருகிறோம் என்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தவிர்க்கப் பார்க்கிறார்கள்.