கேள்வி பதில்: சீட்டுக் கம்பெனி, பேப்பர், நாற்காலி

கேள்வி: பிரியா ஊறுகாய் ஓனர் ராமோஜி ராவ், ஆந்திராவுல ஆட்சியையே மாத்துற அளவுக்கு எப்படி சார் வளர்ந்தாரு? (வாசகர், வேலூர்)

பதில்: ஊறுகாய் 1980ல தாங்க, பேப்பர் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. ஆரம்பம் 1962, மார்கதர்சி சீட்டுக் கம்பெனி. அப்புறம் விவசாயிங்களுக்கு 'அன்னதாதா'ன்னு ஒரு பத்திரிகை, 1974 ஆகஸ்ட்ல 'ஈநாடு'ன்னு தெலுங்கு தினசரி. அதை ஹைதராபாத்ல ஆரம்பிக்காம விசாகப்பட்டினத்துல ஆரம்பிச்சாரு பாருங்க, அங்க தான் வியாபாரி தெரியுறாரு. அந்த ஊருக்கு தெலுங்கு பேப்பர் விஜயவாடால அச்சாகி வரும், வந்து சேர நேரமாயிடும், இவரு அந்த ஊர்லயே அச்சடிச்சு ஜனங்க பல் விளக்குறதுக்குள்ள வாசல்ல போட்டாரு, போதாததுக்கு உள்ளூர் குழாயடி சண்டை வரைக்கும் நியூஸ் ஆக்கினாரு, பெரிய பேப்பருங்க இதையெல்லாம் மதிக்கவே இல்ல. அந்த நேரம் காங்கிரஸ் டெல்லில இருந்துக்கிட்டு அங்க முதலமைச்சரை மாத்திட்டே இருந்துச்சு, 5 வருஷத்துல 4 பேரு! ஜனங்க கடுப்புல இருக்கும்போது 1982 மார்ச்ல நடிகர் என்.டி.ஆர். தெலுங்கு தேசம் கட்சி ஆரம்பிக்க, ஈநாடு பக்கம் பக்கமா தூக்கிப் பிடிக்க, 1983 ஜனவரில அவரு முதலமைச்சர். பேப்பரால மட்டும் ஜெயிச்சாருன்னா அது என்.டி.ஆருக்கு பண்ற அநியாயம். ஆனா 1995ல மருமகன் சந்திரபாபு மாமனாரை இறக்கினப்போ அதே ஈநாடு மருமகன் பக்கம் நின்னுச்சு, அதையும் சேர்த்தே தான் சொல்லணும்.

கேள்வி: அப்போ அவரே எலெக்‌ஷன்ல நின்னிருக்கலாமே? (வாசகி, தேனி)

பதில்: எதுக்கு? நின்னா 5 வருஷத்துக்கு ஒருதரம் ஓட்டு கேட்டு கும்பிடணும், நிக்காம இருந்தா கும்பிடுறவங்க வீடு தேடி வருவாங்க. அதுக்காக அடி விழாமலும் இல்ல. 2006ல ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி ஆட்சில ராமோஜியோட இன்னொரு கம்பெனி மார்கதர்சி ஃபைனான்சியர்ஸ் ரிசர்வ் பேங்க் விதியை மீறி டெபாசிட் வாங்குச்சுன்னு பிரச்னை கிளம்புச்சு, எழுதுற பேப்பரை விட்டுட்டு அது சாப்பாட்டுக்கு நம்புற கம்பெனில கை வெச்சாங்க. பல தொழில் பண்ற முதலாளி பேப்பர் நடத்தினா இது தான் ஆபத்து. புகார்ல விஷயமே இல்லன்னும் நான் சொல்ல வரல.

கேள்வி: ஆந்திர முன்னாள் முதலமைச்சர் ஜெகன் மட்டும் என்னவாம், அவரும் பேப்பர் வெச்சிருக்காரே? (வாசகர், ஓசூர்)

பதில்: அவரு ரூட்டே வேற. சிமென்ட், மின்சாரம்னு தொழில், அப்பா ராஜசேகர ரெட்டி முதலமைச்சரா இருக்கும்போதே 2008ல தெலுங்கு பேப்பர் 'சாக்‌ஷி', 2011ல ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் கட்சி, 2019ல 175க்கு 151 சீட், 2024ல வெறும் 11. அதே சாக்‌ஷி, அதே கலர் பக்கம், ஜெயிக்கும்போதும் வந்துச்சு தோக்கும்போதும் வந்துச்சு. கட்சிக்காரன் படிக்கிறதுக்குன்னே பேப்பர் போட்டா ஏற்கெனவே நம்புறவன் தான் வாங்குவான், பக்கத்து வீட்டுக்காரன் ஓட்டு எப்படிங்க மாறும்?