பாட்டியின் சுருக்குப் பையில் ஓட்டைக் காலணா

ஏற்காடு வாசகி: பாட்டியின் சுருக்குப் பையில் நடுவில் ஓட்டை போட்ட காசு பதினொன்று கிடைத்தது. 1943, 1944 என்று வருடம் தெரிகிறது. லட்சக்கணக்கில் விலை தருவதாகப் போனில் ஒருவர் சொல்கிறார். புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிடலாமா?

முதலில் புளியைக் கீழே வையுங்கள், அம்மா. எண்பது வருடமாக ஏறியிருக்கும் அந்தக் காப்பிக்கொட்டை நிறம்தான் காசின் தோல். புளி அதை உரித்துவிடும். அப்புறம் சேகரிப்பவர்கள் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்.

உங்களிடம் இருப்பது ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை அடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் செம்பு தளவாடங்களுக்குப் போனது, ஊரெல்லாம் சில்லறைப் பஞ்சம். அதனால் காசின் நடுவையே எடுத்துவிட்டார்கள். பழைய காலணாவில் பாதி எடைகூட இதில் இல்லை. ராஜா தலைக்கும் இடமில்லாமல் போய், மேலே கிரீடம் மட்டும் நிற்கிறது, பாருங்கள்.

கோடிக்கணக்கில் அடித்த காசு இது. லட்சம் என்பது சுத்தப் பொய். போன் செய்தவர் அடுத்து கட்டணம், வரி என்று பணம் கேட்பார். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பழைய காசு விற்பனையில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, கட்டணமும் வாங்குவதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது.

எங்கள் வீட்டில் தம்பியின் அரைஞாணில் இப்படி ஒரு காசு கிடந்தது. அவன் தவழும்போது சிமெண்டுத் தரையில் அது உரசிக்கொண்டே வரும். உங்கள் பதினொன்றில் ஏதாவது ஒன்றின் ஓட்டை ஓரம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால், அது உங்கள் வீட்டுக் குழந்தை யாரோ இடுப்பில் கட்டியிருந்ததாக இருக்கலாம். அதை மட்டுமாவது விற்காதீர்கள்.

அஸ்தம்பட்டி வாசகர்: சேலத்தில் நாணயம் செய்தார்கள் என்று அப்பா அடிக்கடி சொல்வார். உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியே நம் ஊருக்குப் பெருமைதான். காசில் அச்சு விழுவது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா நாணயச்சாலைகளில். ஆனால் அதற்கு முன்னால் காசு வெறும் வில்லை, எழுத்தும் இருக்காது, சிங்கமும் இருக்காது. அந்த எவர்சில்வர் வில்லைகளை வெட்டும் பிரிவு கஞ்சமலை அடிவாரத்தில், நாம் இரும்பாலை என்று சொல்லும் சேலம் உருக்காலையில் உண்டு.

1988-இல் காண்டாமிருகம் போட்ட நாலணாவும், 1992-இல் சின்ன ஒரு ரூபாயும் எவர்சில்வரில் வந்தன. அவற்றில் காந்தம் வைத்தால் ஒட்டும். எழுபதுகளின் செப்பு நிக்கல் நாலணாவில் ஒட்டாது. வருடத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரம் மும்பை, புள்ளி நொய்டா, ஒன்றுமில்லை என்றால் கொல்கத்தா. வில்லை எங்கே வெட்டியது என்பதற்கு மட்டும் அடையாளம் கிடையாது. அது எனக்கு ஒரு மனக்குறை.

ஓமலூர் வாசகர்: அணா போய் நயா பைசா வந்தபோது கடைகளில் எப்படிக் கணக்குப் பார்த்தார்கள்?

1957 ஏப்ரல் 1 அன்று மாறியது. எனக்கு எட்டு வயது. 16 அணா ரூபாய் 100 நயா பைசா ஆனது. நாலணா 25, எட்டணா 50 என்பதில் சிக்கலில்லை. ஓரணாதான் தொல்லை, ஆறேகால் பைசா. செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் மளிகைக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை தொங்கும்: ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19.

எதிர்வீட்டு ஆயா வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றையும் சேர்த்து வாங்கினால் 19 பைசா. ஓரணாவுக்கு ஒன்றாக மூன்று தடவை வந்து வாங்கினால் 18. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர், ஒரே வாரத்தில் இதைப் பிடித்துவிட்டார். மூன்று தடவையும் தெருவைக் கடந்து வருவார். அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டிக் கொடுப்பார்.

1964 ஜூனில் ‘நயா’வும் போய் வெறும் பைசா ஆனது. ஆயா கடைசிவரை ஓரணாவுக்கு என்றுதான் கேட்டார்.