டாக்டர் ஃபாஸ்டஸ் நாடகத்தின் இரு பாடங்களில் எதைப் படிப்பது?

ஆங்கில நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவின் இந்நாடகத்தை முதன்முறையாகப் படிப்பவர் 1604ஆம் ஆண்டுப் பாடத்தை (அவ்வாண்டில் அச்சான வடிவத்தை) எடுப்பதா, 1616ஆம் ஆண்டுப் பாடத்தை எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். 1604ஆம் ஆண்டுப் பாடத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

மார்லோ 1593இல் டெட்ஃபோர்டில் கொல்லப்பட்டார். அவர் கையெழுத்துப் பிரதி எதுவும் இந்நாடகத்துக்குக் கிடைக்கவில்லை. எனவே நம் கையில் இருப்பவை இரண்டும் அவர் மறைவுக்குப் பின் அச்சானவையே. நாடக அரங்க உரிமையாளரான பிலிப் ஹென்ஸ்லோ, 1602இல் இந்நாடகத்தில் சேர்க்கைகள் எழுதியதற்காக வில்லியம் பர்ட், சாமுவேல் ரௌலி ஆகிய இருவருக்கும் நான்கு பவுண்டு கொடுத்ததாகத் தம் கணக்கேட்டில் குறித்திருக்கிறார். பழந்தமிழ் நூல்களில் நம் பதிப்பாசிரியர்கள் இடைச்செருகல் (பிறர் பின்னர் நுழைத்த பகுதி) என்று ஐயப்படுவது போன்றதற்கு, இங்கே கூலிக் கணக்கே சான்றாக நிற்கிறது! 1616ஆம் ஆண்டுப் பாடம் நூற்றுக்கணக்கான வரிகள் நீண்டிருப்பதற்கு இச்சேர்க்கைகளே பெரும்பாலும் காரணம் எனக் கருதப்படுகிறது.

நீக்கங்களும் உண்டு. மேடையில் கடவுளின் பெயரை அவமதிப்பாகச் சொன்னால் பத்து பவுண்டு அபராதம் என்று 1606இல் சட்டம் வந்தது. இறுதிக் காட்சியில், கிறிஸ்துவின் குருதி வானில் ஓடுவதைக் கண்டு, தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்ற நாயகன் ஃபாஸ்டஸ் கதறும் வரி பிந்தைய பாடத்தில் இல்லாமற்போனதற்கு இத்தணிக்கையைக் காரணமாகச் சொல்வதுண்டு. அந்த ஒரு வரிக்காகவே நான் முந்தைய பாடத்தைப் பரிந்துரைப்பேன்.

ஆங்கில நூற்பதிப்பு ஆய்வாளர் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் 1950இல் இரு பாடங்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டு, பிந்தையதையே உயர்த்திப் பிடித்தார். பிற்கால ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை.