சின்ன ஃபிளாட்டில் சாமான் வைக்க எங்கே இடம்? கேள்வி பதில்

சேலத்தில் ஃபிளாட்களுக்கு அலமாரி, சமையலறை வேலைகள் எடுத்துச் செய்கிறேன். வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அழகாபுரத்திலிருந்து: இரண்டு பெட்ரூம், சின்னச் சமையலறை. மேடைக்கு அடியில் உள்ளே போன டப்பா திரும்பக் கைக்கு வருவதே இல்லை. இன்னும் கபோர்டு அடிக்கலாமா?

வேண்டாம். உங்களுக்கு இடம் குறைவில்லை, ஆழம்தான் அதிகம். மேடை 2 அடி அகலம் என்பதால் அடியில் இருக்கும் அறையும் 2 அடி ஆழமாக அமைந்துவிடுகிறது. சாதாரண மளிகை டப்பா 5, 6 அங்குலம்தான். அப்படியென்றால் ஒன்றன்பின் ஒன்றாக நாலு வரிசை. கண்ணில் படுவது முதல் வரிசை மட்டும். பின்னால் வெந்தயம் இருப்பது தெரியாமல் இன்னொரு பாக்கெட் வாங்கி வருகிறோம்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவர் இருக்கிறதா? கதவு முழுக்கத் திறந்தபின் எத்தனை அங்குலம் மிச்சம் என்று அளந்து பாருங்கள். 7 அங்குலம் கிடைத்தால் போதும், தரையிலிருந்து கை எட்டும் உயரம் வரை ஒற்றை வரிசைத் தட்டுகள் அடித்துவிடலாம். மளிகை மொத்தமும் ஒரே பார்வையில் தெரியும். மேடைக்கு அடியில் குக்கர், இட்லிப் பானை, கிரைண்டர் மாதிரி பெரியவை இருக்கட்டும். கடப்பா கல் தட்டாக இருந்து இழுப்பறை போட வழியில்லை என்றால், நீளமான பிளாஸ்டிக் ட்ரேயில் சாமானை அடுக்கி ட்ரேயோடு வெளியே இழுங்கள். அரிசிச் சிப்பத்துக்குச் சக்கரம் வைத்த பலகை. 26 கிலோவைக் குனிந்து இழுத்து முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. சிலிண்டர் இருக்கும் அறைக்குக் கதவு போட்டால் அடிப்பக்கம் காற்றுத் துளைகள் கட்டாயம். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் தங்கும். சிலிண்டரைப் படுக்கவைத்து இடம் மிச்சம் பிடிக்கும் யோசனையே வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: கல்யாணச் சீரில் வந்த அண்டா, குண்டான், பித்தளைக் குடம் எல்லாம் பரணை அடைத்துக்கொண்டிருக்கின்றன. மாமியார் எதையும் கொடுக்க விடமாட்டார்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம் அக்கா. அண்டாவை நிமிர்த்தி வைத்து, அதற்குள் குண்டான், அதற்குள் போசி என்று அடுக்குங்கள். இடையில் பழைய வேட்டித் துணி. ஆறு பாத்திரம் ஒன்றின் இடத்தில் அடங்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே சீட்டு ஒட்டிவிடுங்கள். கனமானதைப் பரணின் ஓரத்தில் வைக்காதீர்கள். அப்புறம், அடுத்த ஆடிப் பண்டிகைக்குள் எதை எடுப்பீர்கள் என்று அவரையே கேளுங்கள். பெரிய விசேஷத்துக்கு இப்போது எல்லோரும் வாடகைப் பாத்திரம்தான் எடுக்கிறார்கள். பதிலை அவரே சொல்லட்டும்.

ஏற்காட்டிலிருந்து: பீரோவில் பட்டுப்புடவையில்கூடப் பூஞ்சை வாடை.

கீழே சேலத்தில் சொல்லும் யோசனை மேலே செல்லாது சார். மலையில் மழைக்காலம் முழுக்கச் சுவரே ஈரமாக இருக்கும். பீரோவைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி வையுங்கள். வெளிச்சுவரைவிட உள்சுவர் நல்லது. கதவில் காற்று போகும் ஜாலி (துளைத் தட்டி) வைத்த மர அலமாரி இன்னும் நல்லது. சாதா பார்ட்டிகிள் போர்டு ஈரத்தில் ஊதிப்போகும், விலை குறைவு என்று வாங்காதீர்கள். பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் கவரில் மூடாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள், வெயில் அடிக்கிற நாளில் நிழலில் உதறிக் காற்றாட விட்டு மடிப்பை மாற்றுங்கள். ரசக் கற்பூரம் ஜரிகையில் படக்கூடாது. அதற்குப் பதில் வசம்பைத் துணியில் முடிந்து வைத்தாலே போதும். அலமாரியை நெருக்கி நிரப்பாதீர்கள், காற்று போக வேண்டும்.

சூரமங்கலத்திலிருந்து: வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூடாது என்கிறார் ஓனர்.

ஆங்கிள் ரேக் வாங்குங்கள் தம்பி. வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். கனமானது கீழ்த்தட்டில், லேசானது மேலே. குழந்தை இருந்தால் உயரமான ரேக் வேண்டாம், ஏறி இழுத்தால் சாயும். இடுப்பு உயரம் போதும்.

அஸ்தம்பட்டியிலிருந்து: செருப்பு ஸ்டாண்டை வராண்டாவில் வைக்கலாமா?

அது எல்லோருக்கும் பொதுவான வழி. நெருப்பு என்று ஓடும்போது அதுதான் காலை இடறும். உள்ளேயே 8 அங்குலத்துக்குள் அடங்கும், சாய்த்துத் திறக்கிற ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து: கொலுப் படி, பொம்மை இரண்டுக்கும் இடம் இல்லை.

தனியாகப் படி எதற்கு? அளவு பார்த்து வாங்கிய இரும்பு டிரங்குப் பெட்டிகளில் பொம்மைகளை வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். நவராத்திரிக்கு அதே பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேட்டி விரித்தால் படி. வாங்குவதற்கு முன் கட்டிலுக்கு அடியில் உள்ள உயரத்தை அளந்துகொண்டு போங்கள்.