12 வோல்ட் பேட்டரில இருந்து நேரா வீடு பூரா லைன் இழுக்கலாமா?

பெரம்பூர்ல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார்: "சார், வீட்ல இன்வெர்ட்டருக்கு 12 வோல்ட் பேட்டரி இருக்கு. ரவுட்டர், எல்இடி, பிஎல்டிசி ஃபேன் எல்லாம் உள்ளுக்குள்ள டிசிதானாமே. டிசிய ஏசியாக்கி மறுபடி டிசியாக்குறது வேஸ்ட்தானே, பேட்டரில இருந்து நேரா வயர் இழுத்துடலாமா?"

வேஸ்ட்தான் சார். பேட்டரி குடுக்குறது டிசி, ஒரே திசைல ஓடுற கரண்ட்; வீட்டு லைன்ல வர்றது ஏசி, திசை மாறி மாறி ஓடுறது. கரண்ட் போனப்ப இன்வெர்ட்டர் மேல கை வச்சுப் பாருங்க, அந்தச் சூடு பூரா உங்க பேட்டரி காசு. ஆனா வீடு பூரா இழுக்காதீங்க. பிரச்சினை டிசி இல்ல, அந்த 12.

60 வாட் லோடு 230 வோல்ட்ல கால் ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும், அதே லோடு 12 வோல்ட்ல 5 ஆம்பியர். 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் 15 மீட்டர் தூரம் போகுதுன்னு வைங்க, போக வர 30 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் 0.36 ஓம் கிட்ட வரும், ஹால்ல 12-ஆ கிளம்புனது பெட்ரூம் போறதுக்குள்ள 1.8 வோல்ட்ட வழியிலயே தொலைச்சிட்டு 10 சொச்சமா போய் நிக்கும். 230-ல அதே வயர்ல 0.1 வோல்ட்கூட போகாது.

இப்படி வழியில தொலையாம இருக்க வோல்டேஜ ஏத்தித்தான் அனுப்பணும். அந்தக் காலத்துல வோல்டேஜ ஏத்தி எறக்க டிரான்ஸ்ஃபார்மர்தான் வழி, அது ஏசில மட்டும்தான் வேலை செய்யும், அதனாலதான் ஏசி ஜெயிச்சுது. நம்ம பீச்-தாம்பரம் ரயிலே 1931-ல 1500 வோல்ட் டிசில ஆரம்பிச்சு, பிறகு 25,000 வோல்ட் ஏசிக்கு மாறுனதுதான். இப்போ எலக்ட்ரானிக்ஸ் வந்து கதை மாறிப்போச்சு, சத்தீஸ்கர் ராய்கர்ல இருந்து புகளூருக்கு வர்ற லைன் டிசி, பிளஸ் மைனஸ் 800 கிலோவோல்ட். ஐஐடி மெட்ராஸ்ல வீட்டுக்கு டிசி லைன் டிசைன் பண்ணப்பவும் 12 எடுக்கல, 48 வோல்ட்தான்.

உங்களுக்கு ரவுட்டர் மட்டும் போதும். அடாப்டர்ல அவுட்புட் 12 வோல்ட்னு போட்டிருக்கான்னு பாருங்க. இருந்தாலும் நேரா மாட்டாதீங்க, சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வரைக்கும் போகும். ரிச்சி ஸ்ட்ரீட்ல பேட்டரி வோல்டேஜ் ஏறி எறங்குனாலும் 12-ஐயே குடுக்குற 12 வோல்ட் அவுட்புட் டிசி-டிசி கன்வெர்ட்டர் கேட்டு வாங்கி நடுவுல போடுங்க. பேட்டரி பிளஸ் டெர்மினல் பக்கத்துலயே 3 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். பேட்டரி டெர்மினல் முறுக்கும்போது ஒரு தடவ என் ஸ்பேனர் ரெண்டு பக்கமும் பட்டுருச்சு, வெறும் 12 வோல்ட்தான், முனை உருகி மெழுகு மாதிரி வழிஞ்சுது, அந்த ஸ்பேனர இன்னும் வச்சிருக்கேன்.

ஃபேன இன்வெர்ட்டர்லயே விடுங்க, அதோட போர்டு 230 வோல்ட் ஏசிக்கு செஞ்சது. மூணு பின் சாக்கெட்ல டிசி குடுக்கவே குடுக்காதீங்க, யாராவது மிக்ஸிய சொருகுவாங்க.

நாளைக்கு மாடில சோலார் போட்டா ஒரு விஷயம். ஏசி செகண்டுக்கு 100 தடவ ஜீரோவ தொடும், ஸ்விட்ச் ஆஃப் பண்ணா தீப்பொறி அதுலயே அணைஞ்சிரும், டிசில அந்த கேப்பே இல்ல. பேனல் வரிசைல பல நூறு வோல்ட் இருக்கும், சாதாரண எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) போட்டா தீப்பொறி உள்ளயே எரிஞ்சிட்டே இருக்கும், டிசி எம்சிபின்னு கேட்டே வாங்குங்க.

இப்போதைக்கு முடிஞ்சா ரவுட்டர பேட்டரி பக்கத்துலயே மாட்டிருங்க, ரெண்டு மீட்டர் வயர்ல வேலை முடிஞ்சிரும்.