கிளி ஏன் ஆளைப் பார்த்துக் கொத்துது? கேள்வி பதில்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அக்கா: அண்ணாச்சி, எங்க சன் கான்யூர் கிளிக்கு ரெண்டு வயசு. அது என் தோள்ல இருக்கும்போது என் வீட்டுக்காரர் பக்கத்துல வந்தா பாய்ஞ்சு கொத்துது. நேத்து என் காதையே கடிச்சு ரத்தம் வந்துட்டு. அவரை ஏன் அதுக்குப் பிடிக்கல?

அவரைப் பிடிக்காம இல்ல தாயி. உங்களைத் தன் ஜோடின்னு அது முடிவு பண்ணிட்டு. கான்யூர் பருவத்துக்கு வர்ற வயசுதான் இது. ஜோடி சேர்ந்த கிளி, மூணாவது ஆள் நெருங்கினா விரட்டும். விரட்ட முடியலைன்னா தன் ஜோடியையே கொத்தி அங்கேருந்து நகர்த்தப் பார்க்கும். உங்க காதுல பட்ட கடி அதுதான்.

கத்தாதீங்க, அலகுல தட்டாதீங்க. சத்தம் போட்டா அதுக்கு இன்னும் வேகம்தான் ஏறும். கொஞ்ச காலத்துக்குத் தோள்ல ஏத்தாம ஸ்டாண்டுல விடுங்க. சூரியகாந்தி விதையைத் தட்டுலேருந்து எடுத்துருங்க; அது இனி உங்க வீட்டுக்காரர் கையால மட்டும், ஒவ்வொண்ணா, கம்பிக்கு வெளியே நின்னு. அந்த நேரம் நீங்க அடுப்படியில இருங்க. நீங்க கண்ணுல பட்டாலே அதுக்குக் காவல் வேலை வந்துரும். கழுத்து இறகு சிலிர்த்து, வால் விரிஞ்சு, கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிஞ்சா கடி வரப்போகுதுன்னு அர்த்தம். அவர் ஓரடி பின்னால போகட்டும். அந்த எச்சரிக்கையை நாம மதிச்சோம்னா அதுக்குக் கொத்த வேண்டிய தேவையே குறையும்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி: முதுகைத் தடவினா குனிஞ்சு இறக்கையைத் தொங்கவிடுது. தின்னதை என் கையில கக்குது. உடம்புக்கு முடியலையோ?

தலையை மேலயும் கீழயும் ஆட்டி, நிதானமா உங்க கையில கக்கினா அது ஜோடிக்கு இரை ஊட்டுறது. தலையை உதறித் தீனி நாலாப்பக்கமும் தெறிச்சு, பறவை சோர்ந்து உக்காந்திருந்தா அது வாந்தி. அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும். முதுகு, இறக்கைக்கு அடி, வால் பக்கம் தடவுறதை இன்னையோட விட்டுருங்க. கிளிக்கு அது இணை சேர அழைக்கிற தொடுகை. தலையும் கன்னமும் போதும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: இந்தக் குணம் எந்த மாசத்துல அடங்கும்?

நம்ம ஊர்ல ஆனி மாசப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறக்குறைய 1 மணி நேரந்தான் வித்தியாசம். அதனால வீட்டு லைட்டைத்தான் நான் முதல்ல கேப்பேன். காலையில 6 மணிக்கு வெளிச்சம், ராத்திரி சீரியல் முடிஞ்சு 11 மணிக்கு டியூப் லைட் அணையுதுன்னா, கிளிக்கு 17 மணி நேரப் பகல். நீண்ட பகலும் நிறைஞ்ச தீனியும் இருந்தா, குஞ்சு பொரிக்க ஏத்த காலம்னு அதோட உடம்பு எடுத்துக்கிடும்.

கூண்டை ஹாலை விட்டு மாத்துங்க. சாயங்காலம் 7 மணிக்கு இருட்டு, சத்தமில்லாத 11, 12 மணி நேரத் தூக்கம். வெதுவெதுப்பா குழைச்ச சோறு வேண்டாம். கீரை, காய், அளவான தினை. கண்ணாடியை எடுத்துருங்க. கூண்டுக்குள்ள பானை கட்டியிருந்தா அவிழ்த்துருங்க. அட்டைப்பெட்டி, அலமாரிக்கு அடி, தலையணை இடுக்கு எல்லாமே அதுக்குப் பொந்துதான். பதிலுக்குப் பனையோலையை முடைஞ்சு தொங்கவிடுங்க, கிழிச்சுக்கிட்டே கிடக்கும். கிழிச்ச ஓலையை மூலையில சேர்த்துக் கூடு கட்ட ஆரம்பிச்சா மட்டும் எடுத்துருங்க. பலன் ரெண்டு நாள்ல தெரியாது, வாரக்கணக்காகும்.

வள்ளியூரிலிருந்து ஒரு அக்கா: ஒத்தை காக்கட்டீல் கிளிதான் வச்சிருக்கோம். ஆண் இல்லாமலே முட்டையா இடுது. எடுக்க எடுக்கத் திரும்ப இடுது.

எடுக்கிறதாலதான் இடுது அக்கா. கூமுட்டைதான், ஆனாலும் அதுகிட்டயே விட்டுருங்க. ஏறக்குறைய 3 வாரம் அடைகாத்துட்டுத் தானா எழும்பிரும். கடல்நுரையை (கணவாய் மீனோட ஓடு) கூண்டுல கட்டுங்க, முருங்கைக்கீரை குடுங்க. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் அது உடம்புச் சுண்ணாம்புச் சத்துதான் போகுது.

ஒண்ணை மட்டும் தள்ளிப்போடாதீங்க. கூண்டுத் தரையில இறகைச் சிலுப்பிக்கிட்டு, முக்கிக்கிட்டு, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினா முட்டை அடைச்சிருக்கலாம். மணிக்கணக்குல உயிர் போயிரும். எண்ணெய் விடுறது, வயித்தை அமுக்குறதெல்லாம் கூடவே கூடாது. உடம்புச் சூடு குறையாத மாதிரி பொத்தி வச்சு, இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பறவை பார்க்கிற பக்கத்து டாக்டருக்கோ உடனே கொண்டு போங்க.

தென்காசியிலிருந்து: ஒரு ஜோடி வாங்கி விட்டா சரியாகுமா?

ஆகாது. புதுசா வர்றதைக் கொத்திக் குதறவும் வாய்ப்பிருக்கு. ரெண்டு கிளி வளர்க்க ஆசைன்னா வாங்குங்க, மருந்துன்னு நினைச்சு வாங்காதீங்க.

களக்காட்டிலிருந்து ஒரு தம்பி: மொட்டைப் பனையிலேருந்து எடுத்த பச்சைக்கிளிக்கும் இதே வழிதானா?

தம்பி, பச்சைக்கிளியை வீட்டுல வச்சிருக்கிறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பொந்துலேருந்து குஞ்சை எடுக்கிறதும் அப்படித்தான். நீங்களா திறந்தும் விட்டுறாதீங்க. கையில வளர்ந்ததுக்கு இரை தேடத் தெரியாது. வனத்துறை ஆபீஸ்ல சொல்லி ஒப்படைங்க. வெளியே விடுறதுக்கு முன்னால பறக்கவும் தின்னவும் பழக்கணும், அதை அவங்க பார்த்துக்கிடுவாங்க.